நெல்லையும் நோயாளியையும் கல்வெட்டையும் எண்ணுவது எப்படி

பல துறைகள் கொண்ட பல்கலைக்கழகம் ஒன்றில் புள்ளியியல் கற்பிக்கும் பணியோடு, பிற துறைகளின் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு அமைப்பு பற்றியும் தரவுப் பகுப்பாய்வு பற்றியும் ஆலோசனை கூறும் பொறுப்பும் நெடுங்காலம் என்னிடம் இருந்தது. காலையில் தழைச்சத்தின் அளவை மாற்றி மாற்றி நெல் பயிரிட்டுப் பார்த்தவர் வருவார். அவர் எழுந்து செல்லுமுன், அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் உணரும் வலியை அளந்த செவிலியர் கல்லூரி மாணவி வாசலில் காத்திருப்பார். பிற்பகலில் சோழர் காலக் கல்வெட்டுகளை அட்டவணைப்படுத்திய வரலாற்று மாணவரும், அவருக்குப் பின்னால் இயற்பியல் துறையிலிருந்து ஒருவரும் வந்து அமர்வர். எல்லோரும் கொண்டுவருவது ஒரே வகைக் கோப்புதான்: வரிசைகளும் நிரல்களும் நிரம்பிய எக்செல் தாள். கோப்பின் தோற்றம் ஒன்றாக இருப்பதால், ஒரே மென்பொருளில் ஒரே பொத்தானை அழுத்தினால் எல்லோருக்கும் முடிவு கிடைத்துவிடும் என்று பல மாணவர்கள் நம்பி வந்தனர். சில நெறியாளர்களும் அப்படியே நம்பினர்.

ஒரு துறை எதைச் சான்றாக ஏற்கிறது, எதை ஏற்க மறுக்கிறது என்பதற்கான விதிகள் அத்துறை கையாளும் பொருளிலிருந்தும், அப்பொருள் அதனை ஏமாற்றிய பழைய அனுபவங்களிலிருந்தும் வந்தவை. மண் ஒரு விதமாக ஏமாற்றும். நோயாளியின் உடல் வேறு விதமாக ஏமாற்றும். ஆயிரம் ஆண்டு மழையில் நனைந்த கருங்கல் முற்றிலும் வேறு விதமாக ஏமாற்றும். ஆகவே, எந்தத் துறையிலிருந்து யார் வந்தாலும் நான் கேட்கும் முதற்கேள்வி ஒன்றாகவே இருந்தது: "உங்கள் தாளில் ஒரு வரிசை என்பது என்ன? எதை ஒன்று என்று எண்ணியிருக்கிறீர்கள்?" இந்தக் கேள்விக்கு வந்த விடைகள்தான் துறைகளின் வேறுபாட்டை எனக்குக் கற்றுத் தந்தன. ஆய்வில் இறங்க இருப்பவர்களுக்கும், தம் துறைக்கு வெளியே உள்ள ஆய்வுகளைப் படித்துப் புரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கும் அவை பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வேளாண்மையிலிருந்து தொடங்குவது முறை, ஏனெனில் இன்று எல்லாத் துறைகளும் கடன் வாங்கியிருக்கும் ஆய்வு அமைப்பு முறைகளில் பெரும்பகுதி வயலில் பிறந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1919இல் பணியில் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரிடம், 1843 முதல் அங்கே ஆண்டுதோறும் பதிவாகிவந்த கோதுமை விளைச்சல் கணக்குகள் ஒப்படைக்கப்பட்டன. ஒரு பாத்திக்குத் தொழு உரம், அடுத்ததற்கு ரசாயன உரம், இன்னொன்றுக்கு எதுவும் இல்லை என்று பல பத்தாண்டுகள் நடந்த சோதனை அது. விளைச்சலில் கண்ட வேறுபாட்டுக்குக் காரணம் உரமா, அல்லது அந்தப் பாத்தி அமைந்த இடத்து மண்ணா என்று பிரித்துச் சொல்வதற்கு அந்தக் கணக்குகளில் வழி இல்லை. ஒவ்வொரு உர அளவையும் ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திகளில் இடுவது, எந்தப் பாத்திக்கு எந்த அளவு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது, மண்வளம் ஒரு திசையில் மாறிச் செல்லும் நிலத்தைத் தொகுதிகளாகப் பிரித்துக்கொள்வது ஆகிய மூன்றையும் அவர் இணைத்து வகுத்தார். நம் வேளாண் கல்லூரி மாணவர்கள் 'ஆர்.பி.டி.' என்று சுருக்கமாகச் சொல்லும் சமவாய்ப்புத் தொகுதி அமைப்பின் வேர் இதுவே.

வேளாண் மாணவர் ஒருவர் நான்கு உர அளவுகளை எடுத்துக்கொண்டு, அளவுக்கு ஒரு பெரிய பாத்தி வீதம் நட்டு, ஒவ்வொரு பாத்தியிலும் நாற்பது குத்துகளை, அதாவது ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்துகளை, தேர்ந்து, தூர்களின் எண்ணிக்கை, கதிரின் நீளம், மணிகளின் எடை என அனைத்தையும் பொறுமையாக அளந்து வந்திருந்தார். தாளில் நூற்று அறுபது வரிசைகள் இருந்தன. மென்பொருளும் வேறுபாடு மிக உறுதியானது என்று காட்டியது. ஆனால் உரம் இடப்பட்டது பாத்திக்கு, குத்துக்கு அன்று. ஒரே பாத்தியில் நிற்கும் நாற்பது குத்துகளும் ஒரே மண்ணையும் ஒரே நீரையும் பகிர்ந்துகொள்வதால், அவை உரத்தின் விளைவுக்கு நாற்பது தனித்தனிச் சாட்சிகள் ஆகமாட்டா. அந்த ஆய்வில் ஒன்று என்பது பாத்தி. ஆகவே உர அளவு ஒன்றுக்கு ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. இந்தப் பிழைக்கு 1984இல் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 'போலி மறுநிகழ்வு' என்று பொருள்படும் பெயரை வைத்தார். அம்மாணவர் அடுத்த பருவத்தில் மீண்டும் நட வேண்டியதாயிற்று. நல்வாய்ப்பாக அவருக்குப் பருவம் மிச்சமிருந்தது. பலருக்கு உதவித்தொகையின் காலம் அதற்குள் முடிந்துவிடுகிறது.

எத்தனை பாத்திகள் போதும் என்பதற்கு வேளாண் புள்ளியியலில் ஓர் எளிய வழக்கம் உண்டு: பிழைக்குரிய கட்டின்மை எண், அதாவது தற்செயல் வேறுபாட்டை மதிப்பிட எஞ்சும் தனித்த ஒப்பீடுகளின் எண்ணிக்கை, பன்னிரண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும் என்பர். தொகுதி அமைப்பில் அது, உர அளவுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, தொகுதிகளின் எண்ணிக்கையிலும் ஒன்றைக் குறைத்து, இரண்டையும் பெருக்கினால் வருவது. ஐந்து அளவுகள் என்றால் நான்கு தொகுதிகள் வேண்டும். ஏழு அளவுகள் என்றால் மூன்று போதும். நான்கே அளவுகள் என்றால் ஐந்து தொகுதிகள் வேண்டும். நாற்றங்கால் விடுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

வயலின் ஓரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர வரிசைப் பயிர்களுக்கு வெயிலும் காற்றும் கூடுதலாகக் கிடைப்பதால் அவை செழித்து நிற்கும். அதனால்தான் பாத்தியின் ஓர வரிசைகளை விட்டுவிட்டு உள்பகுதியின் விளைச்சலை மட்டும் கணக்கில் எடுப்பர். மாவட்ட விளைச்சலை மதிப்பிடும் பயிர் அறுவடைப் பரிசோதனையிலும் இதன் உறவுச் சிக்கல் ஒன்று உண்டு. மிகச் சிறிய சட்டத்தைப் பயிருக்குள் வைத்து அறுத்தால், எல்லைக்கோட்டில் நிற்கும் குத்துகளை உள்ளே சேர்த்துவிடும் பழக்கத்தால் விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்பது, இந்தியப் புள்ளியியலாளர்களான மகலனோபிசுக்கும் சுகாத்மேவுக்கும் இடையே நடந்த புகழ்பெற்ற விவாதத்தின் மையம். எல்லைக்கோட்டில் நிற்பதைச் சேர்ப்பதா விடுவதா என்ற கேள்வி வயலோடு முடிவதில்லை. மருத்துவமனையில் அது 'இந்த நோயாளி ஆய்வுக்குத் தகுதியானவரா' என்றும், கல்வெட்டில் 'இந்தச் சிதைந்த எழுத்து க-வா, ச-வா' என்றும் வந்து நிற்கும். எல்லை விதியை அளவு எடுப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும் என்பதை எல்லா மாணவர்களுக்கும் நான் வலியுறுத்தி வந்தேன்.

மருத்துவத்துக்கு வரும்போது, ஒன்று என்பது நோயாளி என்று எளிதாகச் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். பல ஆய்வுகளில் அது சரியே. சென்னையில் 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு ஆகியவை இணைந்து தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் முதல் ஆய்வை இதற்கு உதாரணமாக வகுப்பில் சொல்வேன். காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்து ஓய்வும் சத்துணவும் கொடுத்தால்தான் குணமாகும் என்று நம்பிய காலம் அது. சமவாய்ப்பு முறையில் சிலரை வீட்டிலும் சிலரைச் சானடோரியத்திலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில், குறைந்த உணவோடு, வேலைக்கும் போய்க்கொண்டு வாழ்ந்தவர்கள். 1959இல் வெளியான முடிவுகள், வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ சானடோரியத்துக்கு இணையாகவே பலன் தந்ததைக் காட்டின. வீட்டில் உடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கு அதனால் கூடுதல் தொற்று ஏற்படவில்லை என்பதும் தெரியவந்தது. படுக்கைகள் போதாத ஏழை நாடுகளுக்கெல்லாம் அந்த முடிவு வழி திறந்தது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

ஆனால் ஒன்று என்பது எப்போதும் தனி நோயாளியாக இருப்பதில்லை. திருச்சி மாவட்டக் கிராமங்களில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த குழுவினர், பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகள் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வாராவாரம் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990இல் வெளியாயிற்று. வைட்டமின் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. அந்த ஆய்வில் குழந்தைகள் தனித்தனியாக அல்லாமல் குழுக்களாக ஒதுக்கப்பட்டனர். வீட்டுக்கு வீடு சென்று மருந்து கொடுக்கும் பணியில், ஒரே தெருவில் ஒரு குழந்தைக்கு ஒன்றையும் அடுத்த குழந்தைக்கு வேறொன்றையும் மாறாமல் கொடுத்து வருவது எளிதன்று. குழுவாக ஒதுக்கியபின் பகுப்பாய்விலும் குழுவை மறக்கக் கூடாது. நான் முன்பு சொன்ன செவிலியர் கல்லூரி மாணவியின் ஆய்விலும் இதே நிலைதான் இருந்தது: வலி குறைக்கும் மூச்சுப் பயிற்சியை ஒரு வார்டு முழுவதற்கும் கற்பித்து, இன்னொரு வார்டை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தார். நோயாளிகள் எத்தனை பேர் இருந்தாலும் வார்டுகள் இரண்டே. ஒரு பாத்தியின் நாற்பது குத்துகளும் ஒரு வார்டின் நாற்பது நோயாளிகளும் புள்ளியியல் கண்ணுக்கு ஒரே சிக்கலைத்தான் முன்வைக்கின்றன என்று சொன்னபோது, அவருக்கும் அதே அறையில் காத்திருந்த வேளாண் மாணவருக்கும் ஒரே நேரத்தில் தெளிவு பிறந்தது. இரு துறையினரை ஒரே நேரத்தில் உட்கார வைத்துப் பேசும் வழக்கத்தை அதன்பின் நான் விடவில்லை.

மருத்துவ ஆய்வு மற்றத் துறைகளிலிருந்து கூர்மையாக வேறுபடும் இடம், பாதியில் விலகியவர்களைக் கையாள்வது. வயலில் ஒரு பாத்தி எலியால் அழிந்தால் அதை விடுபட்ட மதிப்பாகக் கொள்ள முறைகள் உண்டு. மருத்துவத்தில் நோயாளி வராமல் நின்றுவிட்டால், அவர் ஏன் நின்றார் என்பதே விடையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. குணமானதால் நின்றாரா, பக்கவிளைவு தாங்காமல் நின்றாரா, பேருந்துக் கட்டணம் இல்லாமல் நின்றாரா என்று தெரியாமல் அவரைத் தாளிலிருந்து நீக்கிவிட்டால், மருந்து உண்மையில் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். எனவே எந்தச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டாரோ அந்தக் கணக்கிலேயே அவரை இறுதிவரை வைத்திருப்பது மருத்துவ ஆய்வின் வழக்கம். மாணவர்கள் கொண்டுவரும் தாள்களில், ஆய்வை முடித்தவர்களின் வரிசைகள் மட்டுமே பெரும்பாலும் இருக்கும். விலகியவர்களின் பெயர்ப்பட்டியலை மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து மீட்டுக்கொண்டு வரும்படி திருப்பி அனுப்புவதே பல நாட்களில் என் முதல் வேலையாக இருந்தது.

'இல்லை' என்று சொல்லும் முடிவுகளின் மதிப்பையும் மருத்துவத்திலிருந்தே கற்றேன். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி, சுமார் இரண்டரை லட்சம் பேரை ஈடுபடுத்தி, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, அத்தடுப்பூசி வயது வந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று கண்டது. சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து அது காக்கிறது என்பதால் பிறந்தவுடன் இன்றும் போடப்படுகிறது; ஆனால் பரவும் நோயைக் கட்டுப்படுத்த அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதை உலகுக்குச் சொன்னது இந்த ஆய்வு. தம் ஆய்வில் வேறுபாடு தெரியவில்லை என்று முகம் வாடி வரும் மாணவர்களிடம் இதைச் சொல்வேன். நன்கு அமைக்கப்பட்ட ஆய்வு 'இல்லை' என்று சொன்னால் அது முழுமையான முடிவு. அமைப்பில் ஓட்டை இருந்தால் 'ஆம்' என்ற விடையாலும் பயனில்லை.

கலைப்புலத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு மிகுந்த ஆசை உண்டு, ஏனெனில் அங்கேதான் நான் மிகுதியாகக் கற்றேன். கல்வெட்டு ஆய்வு மாணவரிடம் 'எது ஒன்று' என்று கேட்டபோது, அவர் உடனே விடை சொல்லவில்லை. ஒரு கோயில் சுவரில் ஓடும் ஒரு சாசனத்தில் பத்துப் பேர் நிலம் விற்றிருக்கலாம். அதே ஆள் வேறொரு சுவரில் சாட்சிக் கையெழுத்திட்டிருக்கலாம். திருப்பணியின்போது கற்களை இடம் மாற்றி அடுக்கியதால் ஒரே கல்வெட்டு இரண்டு துண்டுகளாகி, படியெடுத்தவர்களால் இரண்டு எண்களில் பதிவாகியிருக்கலாம். எண்ண வேண்டியது கல்வெட்டையா, விற்பனையையா, ஆளையா என்பதை ஆய்வின் கேள்விதான் முடிவு செய்ய வேண்டும் என்று அவரே விளக்கினார்.

இந்தத் தெளிவோடு எண்ணிய முன்னோர் நமக்கு உண்டு. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா, திருச்சிக்கு அருகே உள்ள அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டு 1966இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பிரமதேயமான, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக வழங்கப்பட்ட ஊரான, ஈசானமங்கலத்தில் நிலம் தனியாட்களின் உடைமையாக விற்று வாங்கப்பட்டதையும், அல்லூரில் ஊராரின் கூட்டு உடைமை மேலோங்கி இருந்ததையும் அவர் காட்டினார். பின்னர் எ. சுப்பராயலு, தோரு மட்சுய் ஆகியோரோடு சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் தொகுத்து அகராதி வரிசையில் 1978இல் வெளியிட்டார். பெயரோடு ஒட்டிவரும் ஊர், பட்டம், பதவி ஆகியவற்றை எண்ணிப் பார்த்தே அரசின் அமைப்பு எந்தக் காலத்தில் எப்படி மாறியது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. கலைப்புலத்தில் எண்ணிக்கைக்கு இடமில்லை என்று எண்ணும் அறிவியல் மாணவர்கள் அந்தத் தொகுதிகளை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

கல்வெட்டுத் துறையினர் ஐயத்தைப் பதிவு செய்யும் முறையும் மிக நேர்மையானது. சுவரைத் தூரிகையால் துப்புரவாக்கி, ஈரத்தாளை ஒற்றி, மைதோய்த்து எடுத்த படியை வாசிக்கும்போது, ஐயத்துக்குரிய எழுத்தை அடைப்புக்குறிக்குள் இடுவர். சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே குறிப்பர். வாசித்தவரின் ஊகமும் கல்லில் உள்ளதும் கலந்துவிடாதபடி காக்கும் இந்தப் பழக்கத்தை, அறிவியல் மாணவர்களின் தரவுத் தாள்களில் நான் அரிதாகவே கண்டேன். அளக்க மறந்த இடத்தில் சராசரியை நிரப்பிவிட்டு, நிரப்பியதைக் குறிக்காமல் விட்ட தாள்கள் பல வந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர்களைக் கல்வெட்டு மாணவரிடம் அனுப்பி, ஒரு படியை எப்படி வாசிக்கிறார் என்று பார்த்துவரச் சொல்வேன்.

அலகுகளைப் பற்றியும் அங்கேதான் கண் திறந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல் மகளிர் நானூற்றுவருக்கு ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று இராசராசன் ஏற்பாடு செய்த கல்வெட்டு, அந்த நெல்லை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. எந்த மரக்கால் என்று சொல்லாவிட்டால் நூறு கலம் என்ற எண்ணுக்குப் பொருள் நிலைப்பதில்லை, ஏனெனில் ஊருக்கு ஊர் முகத்தலளவைகள் மாறின. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய கணக்கர் காட்டிய கவனம் இன்றைய ஆய்வேடுகளில் எப்போதும் இருப்பதில்லை. எக்டருக்கு இத்தனை கிலோ நெல் என்று எழுதுபவர், எந்த ஈரப்பதத்தில் என்று எழுதுவதில்லை. அறுத்தவுடன் எடை போட்ட நெல்லும், பதினான்கு விழுக்காட்டு ஈரப்பதத்துக்குத் திருத்திய நெல்லும் ஒரே எண்ணைத் தராது.

கல்வெட்டு மாணவர் கற்றுத்தந்த இன்னொன்று, எஞ்சியதை மட்டும் வைத்து முழுமையைப் பேசக் கூடாது என்பது. கல்லில் வெட்டப்பட்டவை பெரும்பாலும் கோயில் தொடர்பானவை. ஓலையில் எழுதி அழிந்தவை அவற்றைவிட மிகுதி. ஆகவே கல்வெட்டில் உழவர் கூலி குறைவாகப் பேசப்படுகிறது என்றால், சமூகத்தில் உழவர் கூலியே இல்லை என்று பொருள் கொள்ள முடியாது. இதே எச்சரிக்கை அரசு மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்து ஆய்வு செய்பவர்களுக்கும் வேண்டும், ஏனெனில் அங்கே பதிவாகியிருப்பது ஊரின் நோய் அல்ல, மருத்துவமனை வாசல்வரை வர முடிந்தவர்களின் நோய். இதை ஒரு பொதுச் சுகாதார மாணவருக்குப் புரியவைக்க நான் கையாண்டது மேற்சொன்ன கல்வெட்டு உதாரணத்தையே.

இயற்பியலாளர்கள் எண்ணை ஒருபோதும் தனியாக விடமாட்டார்கள். பக்கத்தில் பிழை எல்லை இருந்தே தீரும். தொல்லியலில் கரிமக் காலக்கணிப்பு வந்தபின் அந்தப் பழக்கம் கலைப்புலத்துக்கும் வந்திருக்க வேண்டும், முழுமையாக வந்துசேரவில்லை. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல், சுமார் கி.மு. 1155ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. கரிமம்-14 என்னும் கதிரியக்க அணுக்களில் பாதி சிதைய ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் ஆகும் என்பதை வைத்து, அந்த நெல் உயிரோடு இருப்பதை எப்போது நிறுத்தியது என்று கணிக்கிறார்கள். விடை எப்போதும் ஒரு கால வீச்சாகவே வரும். வளிமண்டலக் கரிமத்தின் ஏற்ற இறக்கங்களுக்கு ஏற்ப அதைத் திருத்தவும் வேண்டும். ஓராண்டுப் பயிரான நெல்மணி இதற்கு மிக நல்ல மாதிரி. மரக்கட்டை என்றால், அம்மரத்தின் உள்வயிரம் கட்டடத்தில் பயன்படுவதற்கு நூறு ஆண்டுகள் முன்பே வளர்ச்சியை முடித்திருக்கக்கூடும் என்பதால் காலம் பின்னோக்கித் தள்ளிப்போகும். செய்தித்தாளில் ஒற்றை ஆண்டு வருவது இயல்பு. ஆய்வேட்டில் வீச்சும், மாதிரி எந்தப் பொருள் என்பதும், எந்த ஆழத்தில் எடுத்தது என்பதும் சேர்ந்தே வர வேண்டும் என்று தொல்லியல் மாணவர்களிடம் சொல்லி வந்தேன்.

உறுதியின் எல்லைக்கோடு துறைக்குத் துறை மாறுவதும் மாணவர்களைக் குழப்பும். வயலிலும் வார்டிலும், வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு ஐந்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற எல்லை வழக்கத்தில் இருக்கும்போது, துகள் இயற்பியலாளர்கள் 2012இல் ஹிக்ஸ் துகளை அறிவிப்பதற்கு ஐந்து சிக்மா வரை காத்திருந்தார்கள். தற்செயலாக அப்படியொரு குறி தோன்ற ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு என்ற அளவு அது. அவர்கள் பல்லாயிரம் இடங்களில் ஒரே நேரத்தில் தேடுவதால் எங்கேயாவது ஒரு போலிக் குறி தென்படுவது எளிது. மேலும் மோதல்களைப் பெருக்கித் தரவைக் கூட்டிக்கொள்ள அவர்களால் முடியும். உழவுக்கோ ஆண்டுக்கு ஒன்றிரண்டு பருவங்களே உண்டு. நோயாளியை, உறுதி போதவில்லை என்று சொல்லி, நல்ல மருந்திலிருந்து பத்தாண்டு விலக்கி வைக்கவும் முடியாது. ஆகவே ஐந்து விழுக்காட்டைப் பார்த்து இயற்பியல் மாணவர் மற்றவர்களை ஏளனம் செய்தால் நான் இடைமறித்து விடுவேன்.

நீண்டகாலப் பதிவுகளைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் இருக்க முடியவில்லை. கோயம்புத்தூரில் 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உரச் சோதனை வயல் உண்டு. 1899இல் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுகளுக்கும் மேலான சூரியப் படத்தட்டுகள் இருக்கின்றன. சூரியப் புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டது அங்கேதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களை இருவேல்பட்டு, பாலகுறிச்சி, கங்கைகொண்டான், தூசி, வடமலைபுரம் முதலிய கிராமங்களுக்கு அனுப்பி எடுத்த கணக்கெடுப்பை, அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிச் சென்று மீண்டும் எடுத்தனர். மண், சூரியன், கிராமம் என்று பொருள்கள் வேறாக இருந்தாலும், பிற்காலத்தவர் பயன்படுத்த முடிந்ததற்குக் காரணம் ஒன்றே: எந்த நாள், எந்த இடம், எந்த முறை என்பதை முன்னோர் எழுதி வைத்திருந்தார்கள். மாணவர்கள் கணினியில் ஏற்றியபின் களக் குறிப்பேட்டைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பென்சிலில் எழுதிய அந்த ஓர் ஓரக்குறிப்பு, மழை பெய்ததையோ, செவிலியர் மாறியதையோ, ஊர்ப் பெரியவர் பேச மறுத்ததையோ சொல்லும். எக்செல் தாள் சொல்லாது.

மதிப்பீட்டுக் குழுக்களில் அமர்பவர்களுக்கும் ஒரு சொல். ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015இல் வெளிவந்த கட்டுரையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர்கள் உண்டு. கல்வெட்டு ஆய்வாளர் ஒருவர் பத்தாண்டு உழைத்து ஒற்றைப் பெயரில் ஒரு நூலை வெளியிடுவார். மருத்துவக் கட்டுரையில் கடைசிப் பெயர் பெரும்பாலும் மூத்தவருடையது. கணிதத்தில் அகர வரிசையே வழக்கம். இவை எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் அட்டவணையைப் பொருத்துவது, நூலையும் பதிப்பையும் தன் வழியாகக் கொண்ட துறைகளுக்குப் பெரும் அநீதி. நான் இருந்த குழுக்களில் இதை எழுத்து மூலம் பதிவு செய்தேன். சில இடங்களில் ஏற்றார்கள், சில இடங்களில் ஏற்கவில்லை.

இனி, ஆலோசனைக்குச் செல்லும் மாணவர்களுக்கு. விதைப்பதற்கு முன், நோயாளியைச் சேர்ப்பதற்கு முன், முதல் படியை எடுப்பதற்கு முன் செல்லுங்கள். சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரை அழைப்பது பிணப் பரிசோதனை செய்யச் சொல்வதற்குச் சமம். எதனால் இறந்தது என்று மட்டுமே அவரால் சொல்ல முடியும் என்று, கல்கத்தாவில் 1938இல் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுத் தலைமையுரையில் ஃபிஷர் கூறினார். செல்லும்போது எக்செல் தாளைவிட முக்கியமாக, உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வயலின் வரைபடத்தை வாய்க்கால் எந்தப் பக்கம் என்பதோடு கொண்டு செல்லுங்கள்; வார்டு என்றால் யார் எப்போது அளந்தார்கள் என்ற பட்டியலும், கல்வெட்டு என்றால் பதிப்பின் எண்ணோடு படியின் நிழற்படமும் வேண்டும். நேர்காணல் ஆய்வு என்றால், பேசியவரின் சொற்களை நீங்கள் சுருக்காமல் எழுதிய பக்கங்களில் இரண்டையாவது காட்டுங்கள்.

அனுமதிகளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்று மாணவர்கள் வருந்துவர். ஆகவே இங்கே எழுதுகிறேன். மனிதர்களை ஈடுபடுத்தும் எந்த ஆய்வுக்கும், அது வெறும் வினாப்பட்டியலாக இருந்தாலும், நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தரவு சேகரிப்பதற்கு முன்பே வேண்டும். பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. சிகிச்சையையோ பயிற்சியையோ ஒப்பிடும் மருத்துவ ஆய்வு என்றால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்தாக வேண்டும். 2018 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, தொடங்கிவிட்ட ஆய்வுகளை அங்கே பதிவதில்லை. ஒப்புதல் படிவத்தை நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுதி, ஆய்வில் தொடர்பில்லாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, அவருக்குப் புரிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். கோயில் கல்வெட்டைப் படியெடுக்க, அக்கோயில் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம், தொல்லியல் துறையாயினும் அறநிலையத் துறையாயினும், எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். விவசாயியின் சொந்த நிலத்தில் சோதனை போடும்போது, விளைச்சல் குறைந்தால் இழப்பை யார் ஏற்பது என்பதை நடவுக்கு முன்பே அவரோடு பேசி, எழுதி, ஒரு பிரதியை அவர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.